வீராணம் ஏரிக்கரையில் ஓடுவது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீராணம் கரையில் ஓடலாமா என்று கேட்பவர்களின் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. எங்கே தொடங்குவது, பஸ் வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது, ஏரியில் தண்ணீர் எப்போது இருக்கும், நாய் துரத்தினால் என்ன செய்வது. கேட்டவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே கேள்விகள் கீழே உள்ளன. புதிதாக வருபவர்கள் முதல் ஐந்தையாவது படித்துவிட்டு வாருங்கள்.

1. வீராணம் எங்க இருக்கு? ஓடுறதுக்குன்னே வர்ற அளவுக்கு அங்க என்ன இருக்கு?

கடலூர் மாவட்டத்தில், காட்டுமன்னார்கோவிலுக்கும் சேத்தியாத்தோப்புக்கும் நடுவில் இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்ட ஏரி. வீரநாராயணன் என்ற அவன் பட்டப்பெயரே ஏரிக்கும் காட்டுமன்னார்கோவில் பெருமாளுக்கும் வந்தது. கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் உள்ள கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வருகிறது.

ஏரி வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. கிழக்குக் கரை மட்டும் ஏறக்குறைய 16 கிலோமீட்டர். அந்தக் கரையை ஒட்டியே தார்ச்சாலை போகிறது. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் ஏரியைவிடத் தாழ்ந்த வயல்கள். மேடு பள்ளம் கிடையாது, சிக்னல் கிடையாது, பெரிய நாற்சந்தி கிடையாது. ஒரே வேகத்தில் நீண்ட நேரம் ஓடிப் பழக இதைவிட நல்ல இடம் இந்தப் பக்கத்தில் இல்லை.

2. முதல் தடவை வர்றேன். எங்க ஆரம்பிச்சு எவ்வளவு தூரம் ஓடலாம்?

தெற்கு முனையில் லால்பேட்டையிலிருந்து தொடங்குங்கள். காட்டுமன்னார்கோவிலிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர்தான். கடைத்தெருவைத் தாண்டியதும் கரை வந்துவிடும். வண்டியைக் கடைத்தெருப் பக்கமே நிறுத்துங்கள். கரைச்சாலையில் நிறுத்தினால் எதிரெதிரே வரும் பஸ்கள் விலக இடம் இருக்காது.

வடக்கு நோக்கி 2.5 கிலோமீட்டர் போய்த் திரும்பினால் 5 கிலோமீட்டர். முதல் நாளுக்கு இது போதும். வேகம் பார்க்க வேண்டாம். எங்கெங்கே தோள்பட்டை, அதாவது தாருக்கு வெளியே உள்ள மண் ஓரம், அகலமாக இருக்கிறது, எங்கே குறுகுகிறது, எந்த மதகின் மேல் கைப்பிடிச் சுவர் சாலையை நெருக்குகிறது என்று பார்த்து வையுங்கள். இரண்டாம் நாளிலிருந்து அந்த அறிவுதான் உங்களைக் காப்பாற்றும்.

வடக்கு முனையில் தொடங்க விரும்பினால் சேத்தியாத்தோப்பை அடுத்த பூதங்குடி. சென்னைக் குடிநீருக்குத் தண்ணீர் எடுப்பது இந்தப் பக்கத்தில்தான். 2004இல் தொடங்கிய புதிய வீராணம் திட்டத்தில் இங்கிருந்து வடக்குத்து சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், அங்கிருந்து சென்னை போரூர் வரைக்கும் குழாயில் போகிறது. இந்த முனையில் லாரி நடமாட்டம் கூடுதல் என்பதால் புதியவர்களுக்கு லால்பேட்டைதான் நல்லது.

3. ஒரு முனையிலேருந்து இன்னொரு முனைக்கு ஓடிட்டா திரும்பி எப்படி வர்றது?

திரும்பி வருவதற்கு பஸ்ஸை நம்பாதீர்கள், போவதற்கு நம்புங்கள். வண்டியை லால்பேட்டையில் நிறுத்திவிட்டு, சேத்தியாத்தோப்பு போகும் பஸ்ஸில் ஏறி பூதங்குடியில் இறங்கி, அங்கிருந்து வண்டியை நோக்கி ஓடி வாருங்கள். வழியில் தசை பிடித்தாலும் பின்னால் வரும் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி வண்டிக்கே வந்துவிடலாம். முதலில் ஓடி, பிறகு பஸ்ஸுக்கு நின்றால் வியர்வை ஊறிய சட்டையோடு எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்பது உங்கள் கையில் இல்லை.

வெளியூரிலிருந்து ரயிலில் வருபவர்கள் சிதம்பரத்தில் இறங்கிக் காட்டுமன்னார்கோவில் பஸ் பிடிக்கலாம். அப்படி வந்து அதிகாலையில் ஓட முடியாது, முந்தின நாளே வந்து தங்க வேண்டும். பையில் ஐம்பது ரூபாய்ச் சில்லறை, உலர்ந்த ஒரு பனியன், ஒரு துண்டு இருக்கட்டும்.

4. 74 மதகு இருக்காமே, அதை எண்ணிக்கிட்டே ஓடினா தூரம் தெரியுமா?

தெரியாது. 74 என்ற எண் வைணவ மரபோடு சேர்ந்தது. இந்த ஏரியின் 74 மதகுகளைக் கண்டுதான் இராமானுசர் 74 சிம்மாசனாதிபதிகளை, அதாவது வைணவ நெறியைப் பரப்பும் ஆசாரியர்களை, ஏற்படுத்தினார் என்பார்கள். இன்று கரையில் உள்ளவை அதில் பாதிகூட வராது. அதோடு, மதகு வைத்திருப்பது வாய்க்கால் தலைப்புக்கு ஏற்பத்தான், சம தூரத்தில் அல்ல.

தூரத்துக்குச் சாலைக் கற்களைப் பாருங்கள். கிலோமீட்டர் கல்லுக்கும் அடுத்த கிலோமீட்டர் கல்லுக்கும் நடுவில் 2, 4, 6, 8 என்று எண் போட்ட சின்னக் கற்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 200 மீட்டர். வேகப் பயிற்சிக்கு இது கைக்கடிகாரத்தைவிட வசதி: ஒரு கல்லிலிருந்து இரண்டாம் கல் வரை 400 மீட்டர் வேகமாக, அடுத்த கல் வரை 200 மீட்டர் மெதுவாக. சாலை வேலையில் சில கற்கள் பெயர்ந்துபோயிருக்கும், சில புல்லில் மறைந்திருக்கும். ஆகவே புதிய பகுதியில் ஒரு தடவை மெதுவாக ஓடிக் கற்களைச் சரிபார்த்த பிறகு பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

5. ரோட்டுல எந்தப் பக்கமா ஓடணும்? ஏரிப் பக்கமாவே ஓடலாமா?

எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி, எப்போதும் உங்கள் வலப்பக்க ஓரத்தில். தெற்கு நோக்கி ஓடும்போது வலப்பக்கம் ஏரி. வடக்கு நோக்கி ஓடும்போது வலப்பக்கம் வயல். இரண்டு வழியிலும் ஏரிப் பக்கமே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், வடக்கே போகும்போது பின்னால் வரும் பஸ் தெரியாது. அழகு வேண்டுமானால் வயல் பக்கம் ஓடிப் போய், திரும்பும்போது தண்ணீர்ப் பக்கம் வாருங்கள். லால்பேட்டையில் தொடங்கினால் இந்தக் கணக்கு தானாகவே அமைந்துவிடும்.

கரைச்சாலையில் உண்மையான ஆபத்து இரண்டு வண்டிகள் ஒன்றையொன்று கடக்கும் நொடி. அப்போது இருவரும் ஓரம் கட்டுவார்கள், அந்த ஓரத்தில் நீங்கள் இருப்பீர்கள். எதிரே ஒரு பஸ், பின்னால் ஓர் இரைச்சல் என்றால் ஓட்டத்தை நிறுத்தி மண் ஓரத்தில் இறங்கி நில்லுங்கள். ஐந்து நொடிதான் போகும். மதகுக் கைப்பிடிச் சுவர் உள்ள இடத்தில் இறங்க இடம் இல்லாததால், அதற்கு முன்பே நின்று வண்டியை விட்டுவிட்டுத் தாண்டுங்கள். இரண்டு பேர் சேர்ந்து ஓடினால் ஒருவர் பின் ஒருவராக.

காதில் பாட்டு வேண்டாம். கேட்டே தீர வேண்டுமென்றால் இடக்காதை, அதாவது சாலைப் பக்கக் காதைத் திறந்து வையுங்கள்.

6. ரெண்டு வாரமா கரையில ஓடுறேன், ஒரு பக்க முட்டி மட்டும் வலிக்குது. ஏன்?

மழைநீர் வடிவதற்காகத் தார்ச்சாலை நடுவில் உயர்ந்து இரு ஓரமும் சரிந்திருக்கும். வலது ஓரத்தில் ஓடும்போது வலக்கால் ஒவ்வோர் அடியிலும் சற்றுத் தாழ விழுகிறது. போய்த் திரும்பி வந்தால் சமமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. 5ஆம் பதிலில் சொன்னபடி இரண்டு வழியிலும் நீங்கள் வலது ஓரத்தில்தான் இருக்கிறீர்கள், ஆகவே இரண்டு வழியிலும் தாழ்ந்திருப்பது வலக்கால்தான். 5 கிலோமீட்டர் ஓட்டத்தில் ஐயாயிரம் அடிக்குமேல் விழும், எல்லாம் ஒரே கோணலில். முட்டியின் வெளிப்பக்கமோ இடுப்போ வலிப்பது இதனால்தான்.

எதிரே நீண்ட தூரம் சாலை காலியாகத் தெரியும்போது ஓரத்தை விட்டுச் சற்று உள்ளே, சமமான பகுதியில் ஓடுங்கள். வண்டி தெரிந்ததும் ஓரத்துக்கு வந்துவிடுங்கள். மண் ஓரம் அகலமாகவும் கெட்டியாகவும் இருக்கும் இடங்களில் அதைப் பயன்படுத்துங்கள். வாரத்தில் ஒரு நாளாவது வடவாற்றுக் கரை மண்பாதைக்கு மாறுங்கள் (10ஆம் கேள்வி). வலி வந்த பிறகும் அதே ஓரத்தில் ஓடித் தேய்த்தால் குணமாக வாரக்கணக்காகும். நான்கு நாள் நடந்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். படி இறங்கும்போதும் வலித்தால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

7. காலையிலயா சாயங்காலமா, எது நல்லது?

ஓட்டத்துக்குக் காலை, கண்ணுக்கு மாலை. சூரியன் வயல் பக்கம் எழுந்து ஏரியில் இறங்குகிறது. காலையில் கிழக்குக் கரையில் ஓடினால் வெளிச்சம் உங்கள் பக்கவாட்டில் விழும், கண்ணைக் கூசாது. மாலையில் தண்ணீர் முழுக்கப் பொன்னாகிவிடும். ஆனால் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் அந்த வெளிச்சத்தில் எதிரே வரும் ஓட்டுநருக்குக் கண் கூசும். பொழுது சாய்ந்ததும் தண்ணீரோரப் பூச்சிகள் மேகம்போல எழும்பி வாயிலும் கண்ணிலும் அடிக்கும். மழை பெய்த மறுநாள் ஈசலும் சேர்ந்துகொள்ளும்.

இங்கே சூரியன் உதிப்பது மே கடைசி, ஜூனில் 5:45 மணி வாக்கில், ஜனவரி கடைசியில் 6:35 வாக்கில். வெளிச்சம் அதற்கு இருபது நிமிடம் முன்பே வந்துவிடும். அந்த வெளிச்சத்தில் தொடங்குங்கள், அதற்கு முன் வேண்டாம். கரையில் தெருவிளக்கு ஊர்ப் பகுதிகளில்தான் உண்டு. கோடையில் 7:30க்குள், மற்ற மாதங்களில் 8 மணிக்குள் முடித்துவிடுவது நல்லது. ஏரிக்காற்று குளுமையாக இருக்கிறதே என்று நீட்டிக்காதீர்கள். காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை உலராது, உடம்புச் சூடு இறங்காது.

மார்கழி, தை மாதங்களில் வயலிலிருந்து எழும் மூடுபனி கரையை மூடிவிடும். அடுத்த 200 மீட்டர் கல் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அன்றைக்குக் கரையில் ஓடக்கூடாது. பளிச்சென்ற சட்டை போட்டிருந்தாலும் பனியில் ஓட்டுநருக்குத் தெரியாது.

8. எந்த மாசம் வந்தா ஏரி நிறைஞ்சிருக்கும்? பேப்பர்ல 47 அடின்னு போடுறாங்களே, அவ்வளவு ஆழமா?

மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அந்தத் தண்ணீர் கீழணைக்கு வந்து, வடவாறு வழியாக ஏரியை எட்டி மட்டம் உயர்வது ஆடி, ஆவணியில். வடகிழக்குப் பருவமழையில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மேற்கேயிருந்து செங்கால் ஓடை போன்ற ஓடைகளின் வெள்ளமும் சேர்ந்து நிரம்பும். மழை ஓய்ந்து ஏரி நிறைந்து நிற்கும் ஜனவரியும் பிப்ரவரியும்தான் ஓடுவதற்குச் சிறந்தவை. பறவைகளும் அப்போதுதான் கூடுதல். நாமக்கோழிக் கூட்டம் பறக்க எழும்போது பாருங்கள்: உடனே எழும்பாது, சிறகை அடித்துக்கொண்டே நீர்மேல் பத்திருபது மீட்டர் ஓடும், ஒவ்வோர் அடிக்கும் வெள்ளையாக ஒரு தெறிப்பு. அதற்குப் பிறகு நெல்லுக்கும் சென்னைக்கும் போகப் போகத் தண்ணீர் வற்றும். சித்திரை, வைகாசியில் ஏரிக்குள் ஆடு மாடு மேயும் ஆண்டுகளும் உண்டு.

47.50 அடி என்பது ஆழம் அல்ல. கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்ட முழு நீர்மட்ட உயரம். அப்போது ஏரியில் நிற்பது 1,465 மில்லியன் கன அடி. ஓடுபவருக்கு இந்த எண்ணால் ஒரு பயன் உண்டு. 46 அடிக்குமேல் என்று செய்தி வந்தால் கரையோரம் அலை தட்டும், காட்சி முழுமையாக இருக்கும். 40 அடிக்குக் கீழே போனால் தண்ணீர் கரையை விட்டு நகர்ந்து நடுவில் கிடக்கும்.

9. காத்து ரொம்ப அடிக்குது, ஓடவே முடியல. என்ன பண்றது?

ஆடிக் காற்று மேற்கேயிருந்து வருகிறது. தடுக்க மரமோ வீடோ இல்லாமல் ஏரியின் முழு அகலத்தையும் கடந்து வந்து உங்கள் பக்கவாட்டில் மோதும். இது எதிர்காற்றும் அல்ல, முதுகுக் காற்றும் அல்ல. எந்தத் திசையில் ஓடினாலும் ஒரே தொல்லைதான். இருசக்கர வண்டிகள் இந்தக் காற்றில் ஒரு முழம் நகர்ந்து போகும், அதையும் கணக்கில் வைத்து இன்னும் தள்ளி ஓடுங்கள். தொப்பிக்கு நாடா கட்டுங்கள். காற்று காலை ஏற ஏற வலுக்கும் என்பதால் முதல் வெளிச்சத்திலேயே முடித்துவிடுவதுதான் தீர்வு.

ஐப்பசி, கார்த்திகையில் காற்று வடகிழக்கிலிருந்து. அப்போது லால்பேட்டையிலிருந்து வடக்கே முதலில் போங்கள். தெம்பு இருக்கும்போது எதிர்காற்று, களைத்துத் திரும்பும்போது காற்று முதுகில். மாற்றிச் செய்தால் வியர்த்த உடம்போடு கடைசி இரண்டு கிலோமீட்டர் எதிர்காற்றில் நடுங்க வேண்டியிருக்கும்.

10. தார் ரோடு வேணாம், மண்பாதை இருக்கா? எந்த ஷூ போடணும்?

காட்டுமன்னார்கோவில் பக்கம் வடவாற்றுக் கரை இருக்கிறது. ஆறு கீழணையிலிருந்து ஏறக்குறைய 22 கிலோமீட்டர் ஓடி ஏரிக்கு வருகிறது. கரைப்பாதை பல இடங்களில் மண்தான், வண்டி குறைவு, மரநிழல் உண்டு. ஏரிபோல விரிந்த காட்சி இல்லை என்றாலும், இரண்டு கரைக்கும் நடுவில் சத்தமில்லாமல் போகும் தண்ணீருக்குப் பக்கத்தில் ஓடுவது தனிச் சுகம். எல்லா இடத்திலும் பாதை ஒரே சீராக இருக்காது. டிராக்டர் போகும் தடத்தை விட்டு விலகாமல் ஓடுங்கள்.

இந்த மண் களிமண் கலந்தது. மழை பெய்த மறுநாள் ஓடினால் பத்தடிக்குள் ஒவ்வொரு ஷூவிலும் கால் கிலோ சேறு அப்பிக்கொள்ளும். உதறினாலும் போகாது, குச்சியால்தான் வழிக்க வேண்டும். கனம் கூடியதும் கணுக்கால் பிசகும். நல்ல மழைக்குப் பிறகு மூன்று வெயில் நாள் விடுங்கள். கோடையில் நேர்மாறு: மண் வெடித்து விரல் நுழையும் பிளவுகள் விட்டிருக்கும், அதன்மேல் காய்ந்த புல் படுத்திருக்கும். அந்த மாதங்களில் தார்ச்சாலையே மேல்.

ஷூவுக்குப் பெரிய செலவு வேண்டாம். இரண்டு இடத்துக்கும் சேர்த்து ஒரே ஜோடி என்றால், அடிப்பாகத்தில் சற்று ஆழமான வரி உள்ள சாதாரண ஓட்ட ஷூ. கட்டை விரலுக்கு முன்னால் அரை அங்குலம் இடம் இருக்க வேண்டும். வெயிலில் நீண்ட தூரம் ஓடினால் கால் வீங்கும், இடம் இல்லாவிட்டால் நகம் கறுத்துவிடும்.

11. ஏரியை ஒரு சுத்து முழுசா சுத்தி வர முடியாதா?

ஒரே சீரான பாதையில் முடியாது. மேற்கே இருப்பது எதிர்வாய்க் கரை, அதாவது ஓடைத் தண்ணீர் ஏரிக்குள் வரும் பக்கம். கிழக்குக் கரையைப்போல முனைக்கு முனை தார் போட்ட சாலை அங்கே கிடையாது. ஓடைகள் வந்து கலக்கும் இடங்களில் பாதை சேறாகும், துண்டு படும். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் ஓடுவது கூடவே கூடாது. சைக்கிளில் ஊர்ச் சாலைகள் வழியாகச் சுற்றி வரலாம். அப்போதும் பல இடங்களில் ஏரி கண்ணுக்கே தெரியாது.

12. தண்ணி எவ்வளவு எடுத்துட்டுப் போகணும்? வழியில கடை இருக்குமா?

கரையோரம் கந்தகுமாரன், வாழைக்கொல்லை போன்ற ஊர்கள் உண்டு, டீக்கடையும் உண்டு. ஆனால் நீங்கள் ஓடும் நேரத்தில் திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். 5 கிலோமீட்டருக்கு வண்டியில் ஒரு பாட்டில் போதும். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் கையில் அரை லிட்டர், கோடையில் முக்கால். ஒரேயடியாகக் குடிக்காமல் பதினைந்து நிமிடத்துக்கு நாலைந்து வாய்.

ஒன்றரை மணி நேரம் ஓடுகிறீர்கள் என்றால் வெறும் தண்ணீர் போதாது. ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கலந்து எடுத்துக்கொள்ளுங்கள். உப்பைக் கூட்டாதீர்கள், குமட்டும். ஓடி முடித்து வந்ததும் உப்புப் போட்ட மோர் அல்லது நீராகாரம் ஒரு பெரிய டம்ளர். ஓடுவதற்கு முன் இட்லி தோசை வேண்டாம். ஒரு வாழைப்பழம், முக்கால் மணி நேரத்துக்கு முன்.

13. நாய் துரத்தினா? பாம்பு இருக்குமா?

நாய் இருப்பது ஊர்த் தொடக்கத்திலும் முடிவிலும். ஓடுபவரைத்தான் துரத்தும், நடப்பவரை விட்டுவிடும். குரைப்புக் கேட்டதும் நடையாக மாறுங்கள். முதுகைக் காட்டாமல், கண்ணை நேராக உற்றுப் பார்க்காமல், பக்கவாட்டாக நகருங்கள். குனிந்து கல் எடுப்பதுபோலக் காட்டினாலே பெரும்பாலும் நின்றுவிடும். எறிய வேண்டாம். கடித்துவிட்டாலோ பல் கீறினாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே காட்டுமன்னார்கோவில் அரசு மருத்துவமனையில் தடுப்பூசியைத் தொடங்குங்கள். சின்னக் கீறல்தானே என்று விடுவது உயிருக்கே ஆபத்து.

பாம்பு உண்டு. வயலில் எலி இருக்கும் இடத்தில் நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் இருக்கும். இரவில் சூடு தங்கிய தார்மேல் வந்து கிடக்கும். வெளிச்சம் வந்த பிறகுதான் ஓட வேண்டும் என்று 7இல் சொன்னதற்கு இன்னொரு காரணம் இதுதான். சிறுநீர் கழிக்கப் புல் மண்டிய கரைச்சரிவில் இறங்காதீர்கள். கடித்தால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், ஓடாதீர்கள். கடிபட்ட காலை முறிந்த காலைப்போல அசையாமல் வைத்து 108ஐ அழையுங்கள். கடித்த நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

14. பொண்ணுங்க தனியா ஓடலாமா?

ஓடுகிறார்கள். ஆனால் கரையில் ஊருக்கு ஊர் நடுவே ஆள் இல்லாத நீளங்கள் உண்டு, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தனியாக என்றால் லால்பேட்டையிலிருந்து முதல் 2 கிலோமீட்டருக்குள் போய்ப் போய் வருவது நல்லது. அங்கே வயலுக்குப் போகும் பெண்கள், பால் கொண்டு போகிறவர்கள், நடைப் பயிற்சிக்காரர்கள் என்று நடமாட்டம் இருக்கும். நீண்ட தூரத்துக்கு ஒருவர் ஓட, ஒருவர் சைக்கிளிலோ ஸ்கூட்டியிலோ பின்னால் வருவது மிகவும் வசதி, தண்ணீரும் அதில் வந்துவிடும். செல்போனில் இருக்கும் இடத்தை வீட்டாருக்குப் பகிருங்கள். தினம் ஒரே நேரத்தில் ஒரே புள்ளியில் திரும்பாதீர்கள். அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181.

15. தை மாசம் போனா ரோடெல்லாம் நெல்லும் வைக்கோலுமா கிடக்குதே?

சம்பா அறுவடைக் காலத்தில் கரைச்சாலைதான் களம். காய்கிற நெல்லை மிதிக்காதீர்கள், அது ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம். சுற்றிப் போக வேண்டியிருப்பதால் சாலையின் நடுவுக்கு வருவீர்கள், அப்போது நின்று, முன்னும் பின்னும் பார்த்து, நடந்து தாண்டுங்கள். வைக்கோல்மேல் ஓடினால் வழுக்கும், அதிலும் பனி ஈரம் பட்ட வைக்கோல் எண்ணெய் மாதிரி. அறுவடை இயந்திரமும் டிராக்டரும் வயலிலிருந்து ஏறும் இடங்களில் டயர் வரி பதிந்த களிமண் கட்டிகள் உதிர்ந்து கிடக்கும். மேலே காய்ந்த மாதிரி தெரியும், கால் வைத்தால் உள்ளே வழவழவென்று இருக்கும். அந்தப் பத்தடியை நடந்து கடப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை.

சேத்தியாத்தோப்பில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருப்பதால் அரவைக் காலத்தில் கரும்பு டிராக்டர்கள் வரும். வண்டியின் அகலத்தைவிடக் கரும்பு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும், தோகை முகத்தில் அறையும். டயர் எவ்வளவு தள்ளிப் போகிறது என்று பார்க்காமல் கரும்பு நுனி எங்கே வருகிறது என்று பார்த்து ஒதுங்குங்கள்.

16. 5 கிலோமீட்டர் ஓடுறேன். முழுக் கரையையும் ஓடணும்னா எவ்வளவு நாள் பழகணும்?

காயமில்லாமல் போக வேண்டுமென்றால் பதினான்கு வாரம் வையுங்கள். வாரத்தில் நான்கு நாள் ஓட்டம்: இரண்டு நாள் 4 முதல் 6 கிலோமீட்டர் பேசிக்கொண்டே ஓடும் வேகத்தில், ஒரு நாள் 4இல் சொன்ன 400 மீட்டர் பயிற்சி ஆறு தடவை, ஞாயிறு ஒரு நீண்ட ஓட்டம். நீண்ட ஓட்டத்தை வாரவாரம் இப்படி ஏற்றுங்கள்: 5, 6, 7, 6, 8, 9, 10, 8, 11, 12, 13, 10, 14, கடைசியில் 16. நான்காம் வாரம், எட்டாம் வாரம், பன்னிரண்டாம் வாரம் குறைத்திருப்பது தவறு அல்ல. உடம்பு கட்டுவது அந்த வாரங்களில்தான். அதைத் தாண்டிக் குதிப்பவர்களுக்குத்தான் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலியும், குதிகால் வலியும் வருகிறது.

சமதளம் என்பதால் ஒரே தசை ஒரே மாதிரி வேலை செய்துகொண்டே இருக்கும், அது மேடு ஏறுவதைவிட வேறு வகையான களைப்பு. மூன்று கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஒரு நிமிடம் நடந்துவிட்டு ஓடுங்கள். முழுக் கரைக்கு மாசி மாதத்துக்குமேல் நாள் குறிக்காதீர்கள்.

17. ஓடி முடிச்சதும் ஏரியில இறங்கிக் குளிக்கலாமா?

வேண்டாம். அலை அரிக்காமல் இருக்கக் கரையின் உட்சரிவில் கல் பாவியிருக்கிறார்கள். நீர்மட்டம் ஏறி இறங்கும் பகுதியில் அந்தக் கல்லில் பாசி படர்ந்திருக்கும். இறங்கும்போது தெரியாது, ஏறும்போதுதான் பிடிமானம் கிடைக்காது. ஓடிக் களைத்த கால் மேலும் மோசம். மதகின் பக்கம் இன்னும் ஆபத்து: மேலே தண்ணீர் அசையாமல் நிற்கும், கீழே திறப்பு இழுத்துக்கொண்டிருக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் மீள முடியாது. முகம் கழுவ வேண்டுமென்றால் ஊர்க் குழாய் போதும்.

18. ஏரி நிரம்பி உபரித் தண்ணி திறக்கும்போது கரையில ஓடலாமா?

எச்சரிக்கை விடப்பட்ட நாட்களில் வேண்டாம். லால்பேட்டைப் பக்கம் வெள்ளியங்கால் ஓடை வழியாகத் தண்ணீர் வெளியேறும், அதை ஒட்டிய தாழ்வான பாதைகள் மூழ்கும். கரைமேல் நீர்வளத் துறை ஆட்களும் மணல் மூட்டை வண்டிகளும் வேலையில் இருப்பார்கள், அவர்களுக்கு வழி வேண்டும்.

முழுக் கொள்ளளவில் நிற்கும் மற்ற நாட்களில் ஓடலாம். அப்போது வயல் பக்கச் சரிவையும் அவ்வப்போது பார்த்துக்கொண்டே ஓடுங்கள். கரையின் அடியில் தெளிந்த நீர் மெல்லக் கசிவது மண் கரைக்கு இயல்பு. கசியும் நீர் கலங்கலாக இருந்தாலோ, நேற்று ஈரமாக இருந்த இடத்தில் இன்று ஓடிக்கொண்டிருந்தாலோ, அது மண்ணை அரித்துக்கொண்டு வருகிறது. நிற்காமல் போகக்கூடாத ஒரே சந்தர்ப்பம் இதுதான். பக்கத்தில் உள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணையும், அதிலிருந்து எத்தனையாவது 200 மீட்டர் கல் என்பதையும் குறித்து, ஒரு படம் எடுத்து, அருகிலுள்ள மதகில் வேலை பார்ப்பவரிடமோ கிராம நிர்வாக அலுவலரிடமோ உடனே சொல்லுங்கள். “கரையில எங்கேயோ தண்ணி வருது” என்றால் 16 கிலோமீட்டரையும் தேட வேண்டும். கல் எண்ணைச் சொன்னால் நேராக அங்கே வந்துவிடுவார்கள்.